சங்கு ஊதாத புதுச்சேரி

சனி, ஞாயிறு வந்தால் புதுச்சேரி கடற்கரைச் சாலையில் கால் வைக்க இடமில்லை. பிரஞ்சுக்காரர்கள் கட்டிய வீடுகள் புது வர்ணம் பூசிக்கொண்டு தங்கும் விடுதிகளாகிவிட்டன. துறைமுக அலுவலகமாக இருந்த கட்டடத்தில் காப்பி விற்கிறார்கள். வெளியூர்க்காரர்கள் படம் பிடித்துக்கொண்டு, "அந்தக் காலத்துப் புதுச்சேரி எவ்வளவு அழகு!" என்று சொல்லிப் போகிறார்கள்.

அந்தக் காலத்துப் புதுச்சேரி எது? அதைத் தொழிலாளியிடம் கேட்க வேண்டும்.

19ஆம் நூற்றாண்டில் இங்கே அவுரிச் சாயம் தோய்த்த நீலத்துணி ஆப்பிரிக்காவின் செனகல் வரை கப்பலேறிச் சென்றது. விவசாயக் கூலிகள் பிடுங்கிக் கொடுத்த வேர்க்கடலை பிரான்சுக்குப் போயிற்று. சவானா மில், 1898இல் தோன்றிய ரோடியர் மில், பாரதி மில் ஆகியவை ஊரின் உயிர்நாடியாக இருந்தன. ஜனங்கள் ஆலைச் சங்கைக் கேட்டே மணி அறிந்தார்கள். ஆலை வாசலில் இட்லிக்காரி, டீக்கடை, வாடகை சைக்கிள் கடை. தெருமுனையில், மாதமெல்லாம் கடன் கொடுத்துச் சம்பள நாளில் கணக்குத் தீர்க்கும் மளிகைக் கடை. மழை பொய்த்த வருஷத்தில், மில்லுக்குப் போகும் ஒரு மகன் கிராமத்துக் குடும்பத்துக்குக் கஞ்சி ஊற்றினான்.

அது பொற்காலம் என்று நாம் சொல்லவில்லை. அரைவயிற்றுக் கூலிக்கு விடியுமுன் தொடங்கி இருட்டும்வரை உழைத்த காலமும் அதுவே. 1936 ஜூலை 30 அன்று, வேலைநிறுத்தம் செய்த சவானா மில் தொழிலாளர்கள்மீது பிரஞ்சு ஏகாதிபத்தியம் துப்பாக்கிப் பிரயோகம் செய்தது. 12 தொழிலாளர்கள் மாண்டார்கள். அந்த இரத்தத்தின் விலையாகத்தான், 1937இல் எட்டு மணி நேர வேலையையும் சங்கம் அமைக்கும் உரிமையையும் பிரஞ்சு சர்க்கார் சட்டத்தில் எழுத நேர்ந்தது.

அந்த ஆலைகள் இன்று எங்கே? பழைய யந்திரங்களை மாற்றப் பணம் போடவில்லை. நிர்வாகக் கோளாறு நஷ்டத்தைப் பெருக்கியது. 2011 டிசம்பரில் வீசிய தானே புயல் ரோடியர் மில்லை உருக்குலைத்தது. கடைசியில் 2020இல் மூன்று ஆலைகளுக்கும் பூட்டுப் போட்டார்கள். நூலும் துணியும் விளைந்த ஆலையின் திடலில் 2024இல் தற்காலிக பஸ் நிலையம் நடந்தது. சங்கு நின்றது, அதை நம்பிய டீக்கடையும் இட்லிக் கூடையும் சைக்கிள் கடையும் போயின. இவற்றைப் படம் பிடிக்க யாரும் வரவில்லை.

சுற்றுலா வேண்டாம் என்பதல்ல நம் வாதம். விருந்தாளி வரட்டும், ஊருக்கு நாலு காசு சேரட்டும். ஆனால் அந்தக் காசு யார் மடியில் விழுகிறது? ஆலைத் தொழிலாளியின் மகன் விடுதியில் தட்டுக் கழுவுகிறான். மகள் படுக்கை விரிக்கிறாள். ஒப்பந்தக்காரனிடம் வேலை, கூட்டம் குறைந்தால் வீட்டுக்குப் போ என்கிறான். எட்டு மணி நேரம் என்று கேட்டால், நாளைக்கு வராதே என்கிறான். எந்த மண்ணில் 12 பேர் உயிர் கொடுத்து எட்டு மணி நேரத்தை வாங்கினார்களோ, அதே மண்ணில் அவர்களுடைய பேரப் பிள்ளைகள் அதை இழப்பதா?

ஆகவே சர்க்காரைக் கேட்கிறோம். ஆலைத் தொழிலாளிக்குச் சேர வேண்டியதை ஒரு காசு மிச்சமின்றிக் கொடு. ஆலை நிலத்தை ரியல் எஸ்டேட்காரனுக்குக் கொடுக்காதே. அங்கே வேலை தரும் தொழிலைக் கொண்டு வா. விடுதித் தொழிலாளிக்குச் சட்டப்படியான கூலியையும் வைப்பு நிதியையும் வாங்கிக் கொடு.

விடுதித் தொழிலாளர்களுக்கும் ஒரு வார்த்தை. பழைய சுவருக்கு வர்ணம் பூசினால் மட்டும் பழம்பெருமை நிலைக்காது. நீங்கள் சங்கமாகச் சேரும்போதுதான் 1936இன் பெருமை நிலைக்கும். சங்கு நின்றிருக்கலாம்; சங்கம் நிற்கக் கூடாது!