டயரும் ஒரு பற்சக்கரமே: பெரிய சக்கர மோகத்துக்கு ஒரு மறுப்பு

"முப்பத்தொரு அங்குலம் வரை கண்ணை மூடிக்கொண்டு போடலாம், ஒன்றும் ஆகாது, இழுவை குறைந்தால் ஒரு ரீமேப் செய்துகொள்ளலாம்." ஆஃப்-ரோடு வண்டி வைத்திருப்போர் கூடும் எந்தக் குழுவுக்குள் நுழைந்தாலும் இந்த வாக்கியம் வேதவாக்காக உலவுவதைக் காணலாம். சொல்பவர்களுள் டயர் விற்பவர் உண்டு, ரீமேப் விற்பவர் உண்டு, இரண்டையும் வாங்கிவிட்டுத் தம் முடிவுக்குத் துணை தேடுபவரும் உண்டு. பற்சக்கரங்களின் தேய்மானத்தை ஆய்வுப் பொருளாகக் கொண்டவன் என்ற முறையில், இந்த வாக்கியத்தின் இரண்டு பாதிகளையும் மறுக்க விரும்புகிறேன். பதிவு நீளமானது, கணக்கும் உண்டு. பொறுமையுள்ள நண்பர்கள் தொடர்க.

முதலில் அடிப்படை. எஞ்சினின் முறுக்குவிசை கியர்பாக்ஸ், டிரான்ஸ்ஃபர் கேஸ், ஆக்சிலில் உள்ள கிரவுன்-பினியன் ஆகியவற்றின் வழியே பெருகி டயரை அடைகிறது. தரையை உந்தும் விசை என்பது அவ்வாறு பெருகிவந்த முறுக்குவிசையை டயரின் ஆரத்தால் வகுத்துக் கிடைப்பது. வகுக்கும் எண் கூடினால் ஈவு குறையும் என்பது நான்காம் வகுப்புப் பாடம். எனவே டயர் என்பது வண்டியின் கடைசிப் பற்சக்கரம். அதற்குப் பல் இல்லை என்பது மட்டுமே வேறுபாடு. பெரிய டயர் பொருத்தியவர் தம் வண்டியின் ஆக்சில் விகிதத்தை அறிந்தோ அறியாமலோ மாற்றிவிட்டார். "நான் கியரில் கை வைக்கவில்லை" என்று அவர் சொல்வது உண்மையன்று.

ஒரு குறிப்பிட்ட வண்டியை எடுத்துக்கொள்வோம். 1.5 லிட்டர் ஜிம்னி, மேனுவல் கியர்பாக்ஸ். நிறுவனம் தரும் டயர் 195/80 ஆர்15; விட்டம் 693 மில்லிமீட்டர். ஆக்சில் விகிதம் 4.09, அதாவது பினியன் 4.09 முறை சுழன்றால் சக்கரம் ஒருமுறை சுழலும். இதில் 31 அங்குல டயரை, அதாவது 787 மில்லிமீட்டர் விட்டமுள்ளதை, மாட்டுகிறோம். விட்டம் 13.6 விழுக்காடு கூடுகிறது. பழைய டயரின் கணக்கில் பார்த்தால், ஆக்சில் விகிதம் 4.09-இலிருந்து 3.60-க்கு இறங்கிவிட்டது. இழந்ததை அப்படியே மீட்க வேண்டுமெனில் 4.09-ஐ 787-ஆல் பெருக்கி 693-ஆல் வகுக்க வேண்டும், விடை 4.65.

"13 விழுக்காடு ஒரு பெரிய விஷயமா?" என்று கேட்பவருக்கு அந்த வண்டியை வடிவமைத்தவர்களே விடை சொல்லியிருக்கிறார்கள். அதே ஜிம்னியின் ஆட்டோமேட்டிக் வகையில் ஆக்சில் விகிதம் 4.30. இரண்டுக்கும் இடையிலான வேறுபாடு 5 விழுக்காடுதான். அந்த 5 விழுக்காட்டுக்காக வேறொரு கிரவுன்-பினியன் இணையை வடிவமைத்து, வார்த்து, கடைந்து, தனி உதிரிபாக எண் கொடுத்து உலகெங்கும் இருப்பு வைக்கிறது ஒரு நிறுவனம். சல்லிக்காசுக்குக் கணக்குப் பார்க்கும் வாகனத் தொழிலில் இதை யாரும் பொழுதுபோக்காகச் செய்வதில்லை. அவர்களுக்கு 5 விழுக்காடு பொருட்டாகிறது. நம் டயர் கடைக்காரருக்கு 13.6 விழுக்காடு "ஒன்றும் ஆகாது".

அந்த 13.6 விழுக்காடு எங்கே வலிக்கும் என்பதற்கு லடாக்கை விடச் சிறந்த சாட்சி இல்லை. நம் குழுக்களில் பெரிய டயருக்குச் சொல்லப்படும் முதற்காரணமும் லடாக்தான் என்பது வேடிக்கை. 5,359 மீட்டர் உயரத்தில் உள்ள கர்துங் லாவில் காற்றின் அடர்த்தி, கடல் மட்டத்தில் இருப்பதில் 60 விழுக்காட்டுக்கும் சற்றுக் குறைவு. டர்போ இல்லாத எஞ்சின் தான் உறிஞ்சும் காற்றுக்கு ஏற்பவே உழைக்கும். ஜிம்னி எஞ்சினின் உச்ச முறுக்குவிசை 134 நியூட்டன் மீட்டர். அதுவும் 4,000 சுழற்சியில். கணவாயின் உச்சியில் அது 80-ஐத் தாண்டாது. அந்த 80-ஐயும் 31 அங்குல டயர், பழைய டயரில் 70 செய்யும் வேலையாகச் சுருக்கிவிடும். நான்கு ஆள், மேலே கூடாரம், பின்னே இரண்டு கேன் பெட்ரோல். முன்னால் ஊர்ந்து செல்லும் லாரிக்காகக் கொண்டையூசி வளைவில் நின்று, மீண்டும் ஏற்றத்தில் கிளம்பும்போது ஓட்டுநர் என்ன செய்கிறார்? கிளட்சை அரை மிதியில் வைத்து, எஞ்சினை அலறவிட்டு, கருகும் வாடையோடு கிளம்புகிறார். பிறகு "ஜிம்னிக்குச் சக்தி போதாது" என்று பதிவிடுகிறார்.

லோ ரேஞ்சில் நிலைமை வேறு என்பார்கள். வேறுதான். முதல் கியர் 4.425, டிரான்ஸ்ஃபர் கேஸ் 2.002, ஆக்சில் 4.09, மூன்றையும் பெருக்கினால் 36. எஞ்சின் 800 சுழற்சியில் ஓடும்போது வண்டி மணிக்கு 2.9 கிலோமீட்டர் வேகத்தில் ஊரும். 31 அங்குல டயரில் 3.3. எண்ணாகப் பார்த்தால் அற்பம். ஆனால் பாறைமேல் ஊர்வதில் 36 என்பதே தாராளமான எண் அன்று. கற்படியில் இறங்கும்போது எஞ்சின் வண்டியைப் பிடித்து நிறுத்தும் ஆற்றலும் இதே விகிதத்தில் குறைகிறது. அந்தப் பொறுப்பு பிரேக்கின் தலையில் விழுகிறது. பிரேக்கோ, ஆரம் கூடியதால் ஏற்கெனவே தன் பிடியில் எட்டில் ஒரு பங்கை இழந்து நிற்கிறது. இந்த இழப்பைக் கிரவுன்-பினியனை மாற்றி ஈடுகட்ட முடியாது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். கியரை மாற்றினால் எல்லாம் சரியாகிவிடும் என்று வாதிடுவது என் நோக்கமன்று.

இனி ரீமேப். டர்போ டீசல் தார் வைத்திருப்பவர்களிடம் இது ஒரு சமயமாகவே வளர்ந்துவிட்டது. தாரின் 2.2 லிட்டர் எஞ்சின் 300 நியூட்டன் மீட்டரைத் தருவது 1,600 சுழற்சிக்கு மேல். ரீமேப் செய்பவர் அந்த உச்சியை இன்னும் உயர்த்தித் தருவார், உண்மையே. ஆனால் சக்கரம் ஒரு கல்லில் முட்டி நிற்கும் கணத்தில் எஞ்சின் ஆயிரம் சுழற்சிக்கும் கீழே கிடக்கிறது. அங்கே டர்போ இன்னும் விழிக்கவில்லை. மென்பொருளால் இல்லாத காற்றை வரவழைக்க முடியாது. ரீமேப் நெடுஞ்சாலையில் முந்துவதற்குத் தரும் மகிழ்ச்சியை நான் மறுக்கவில்லை. அது பெரிய டயருக்கான மருந்தன்று. தேவைப்படும் இடத்தில் உதவாமல், தேவையற்ற இடத்தில் கூடுதல் முறுக்குவிசையை அதே கிளட்ச் வழியாகவும் அதே ஆக்சில் ஷாஃப்ட் வழியாகவும் செலுத்துவதே அதன் நிகர விளைவு.

எதிர்வாதங்களுள் ஒன்றுக்கு மட்டும் மதிப்பளிக்கலாம். ஜிம்னி மேனுவலில் 100 கிலோமீட்டர் வேகத்தில் எஞ்சின் ஏறத்தாழ 3,130 முறை சுழல்கிறது. 31 அங்குல டயரில் அது 2,760 ஆகிறது. இரைச்சல் குறைகிறது, இது நன்மைதானே என்பது அந்த வாதம். சமதளத்தில், எதிர்காற்று இல்லாதபோது, ஆம். ஆனால் அகன்று, கனத்து, கரடான பற்களோடு உருளும் டயர் முன்பைவிட அதிக உந்துதல் கேட்கிறது. சிறு மேம்பாலம் வந்தாலும் நான்காம் கியருக்கு இறங்க வேண்டியுள்ளது. அங்கே சுழற்சி 3,280. ஓய்வு கொடுத்ததாக நினைத்த எஞ்சின் முன்பைவிட வேகமாகச் சுழல்கிறது.

மைலேஜ் கூடிவிட்டது என்றோ குறைந்துவிட்டது என்றோ பதிவிடுபவர்கள் ஒன்றைக் கவனிக்க. ஓடோமீட்டர் சக்கரத்தின் சுற்றுகளை எண்ணித் தூரம் காட்டுவது. அது 100 காட்டும்போது நீங்கள் உண்மையில் 113 கிலோமீட்டருக்கும் மேல் ஓடியிருக்கிறீர்கள். வேகமானியும் அவ்வாறே. 80 என்று நம்பி வளைவுக்குள் 90-இல் நுழைபவரின் மைலேஜ் கணக்கை நாம் ஆராய வேண்டியதில்லை.

பெரிய டயரை அறிந்தே பொருத்தும் நிறுவனங்கள் என்ன செய்கின்றன என்று பார்க்கலாம். ஜீப் ராங்ளர் ரூபிகானில் 33 அங்குல டயருக்கு ஆக்சில் விகிதம் 4.10. 2021-இல் அதே வண்டிக்கு 35 அங்குல டயர் தரும் தொகுப்பை அமெரிக்காவில் வெளியிட்டபோது, விகிதத்தை 4.56 ஆக்கினார்கள். வெறும் விகிதசமக் கணக்கில் 4.35 போதும். ஏன் அதையும் தாண்டினார்கள்? பெரிய டயர் உயரத்தில் மட்டும் பெரியதன்று, கனத்திலும் பெரியது, அந்தக் கனம் அச்சிலிருந்து தொலைவில் சுழல்கிறது. விட்டத்தை மட்டும் பார்க்கும் சூத்திரம் இந்தக் கூடுதல் சுமையை அறியாது. ஃபோர்டு பிராங்கோவின் 35 அங்குலத் தொகுப்பிலும் விகிதம் 4.70. இவர்கள் யாரும் "ஒரு ரீமேப் போதும்" என்று வாடிக்கையாளரை அனுப்பிவைக்கவில்லை. இன்னும் பின்னோக்கிப் போனால், போர்க்கால வில்லிஸ் ஜீப்பின் 4.88, போருக்குப் பின் உழவருக்கென வந்த சிஜே-2ஏ-இல் 5.38 ஆயிற்று. அங்கே டயர் மாறவில்லை. செய்யும் வேலை மாறியது, ஆகவே விகிதம் மாறியது.

இந்தச் சிந்தனை நம் நாட்டில் இல்லை. வாங்குபவர் இருக்கை உறையின் நிறத்தைத் தேர்ந்தெடுக்கலாம். அலாய் வீலைத் தேர்ந்தெடுக்கலாம். ஆக்சில் விகிதத்தைத் தேர்ந்தெடுக்கவியலாது.

சட்டத்தையும் தொடாமல் செல்வதற்கில்லை. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவை விளக்கி, 2019 சனவரியில் கேரளத்து வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம், உற்பத்தியாளரின் மூல விவரக்குறிப்புக்கு மாறாக வண்டியை மாற்றலாகாது என்றது. அத்தீர்ப்புக்குப் பின் சாலையில் நடப்பது என்ன? மட்கார்டுக்கு வெளியே பிதுங்கும் டயர் சோதனை அலுவலரின் கண்ணில் படுகிறது; தண்டம் கட்டியபின் அதே டயரோடு வண்டி போகிறது. ஆக்சிலுக்குள் இருக்கும் விகிதம் எவர் கண்ணிலும் படுவதில்லை. ஆகவே அதைப் பற்றிய பேச்சும் இல்லை. டயர், விகிதம், பிரேக், வேகமானி நான்கையும் ஒருசேர மாற்றிச் சான்றளித்த தொகுப்பை உற்பத்தியாளரே விற்றால் அதுவே மூல விவரக்குறிப்பாகிவிடும். அப்படியொரு தொகுப்பை நம் நிறுவனங்களிடம் கேட்க வேண்டிய குழுக்கள், "எந்தச் சோதனைச் சாவடியில் பிடிப்பதில்லை" என்ற தகவலைப் பரிமாறிக்கொண்டிருக்கின்றன.

மறுதரப்பையும் விட்டுவைக்க மனமில்லை. அமெரிக்க அட்டவணையைத் தரவிறக்கி, தம் டயருக்கு நேரே உள்ள எண்ணைப் படித்து, அதையே இறக்குமதி செய்ய முனையும் அறிவாளிகள் சிலர் உளர். அந்த அட்டவணைகள் பெரும்பாலும் மணிக்கு 65 மைல் வேகத்தில் எஞ்சின் எத்தனை சுற்றுச் சுற்றும் என்பதை மையமாகக் கொண்டவை. அதுவும் நம்முடையதைப் போல் இருமடங்கு பெரிய எஞ்சின்களுக்கு. நம் வண்டியின் வாழ்நாள் 20-க்கும் 80-க்கும் இடையே கழிகிறது. ஆகவே நம் தேர்வு, மிகக் கடினமான ஏற்றத்தில் முழுச் சுமையோடு நின்று கிளம்புவதிலிருந்து தொடங்க வேண்டும். நெடுஞ்சாலைச் சுழற்சி அதற்குப் பின்னரே. மேற்சொன்ன ஜிம்னியில் மலைக்குச் செல்பவர் 4.65-ஐத் தாண்டிய எண்ணையே நாட வேண்டும். அதற்காக எண் கூடக்கூட நல்லது என்பதும் பிழை. கிரவுனின் விட்டம் ஆக்சில் கூட்டுக்குள் அடங்கியாக வேண்டும். எனவே விகிதத்தைக் கூட்டப் பினியனைத்தான் சிறிதாக்க வேண்டும். சிறுத்த பினியனின் பற்கள் வலுக் குறைந்தவை. பெரிய டயர் தரையை இறுகப் பற்றும்போது ஆக்சில் ஷாஃப்டின்மீது ஏறும் முறுக்கும் ஆரத்துக்கேற்பக் கூடும். லாக்கர் பொருத்தியிருந்தால் அது ஒரே ஷாஃப்டின்மீது வந்து விழவும் கூடும்.

டயரின் பக்கவாட்டில் அச்சிட்ட அளவை நம்ப வேண்டாம். டயரில் சுண்ணக்கட்டியால் ஒரு கோடிட்டு, சுமையேற்றிய வண்டியைச் சமதளத்தில் ஒரு முழுச் சுற்று உருட்டி, தரையில் நாடா பிடித்து அளந்தால் உண்மை தெரியும். 235/75 ஆர்15 போன்ற, விட்டம் 6 விழுக்காட்டுக்குள் கூடும் டயரோடு நிறைவடைபவர் சமவெளியில் இருந்தால் ஆக்சிலைத் திறக்க வேண்டியதில்லை. லடாக் பயணத்தில் சற்றே பொறுமை வேண்டும், அவ்வளவே. அதற்கு மேல் போகிறவர் முன் ஆக்சில், பின் ஆக்சில் இரண்டையும் ஒரே விகிதத்துக்கு மாற்றியாக வேண்டும். ஒன்றை மட்டும் மாற்றி நான்கு சக்கர இயக்கத்தில் போட்டால் இரண்டும் ஒன்றையொன்று எதிர்த்து இழுத்து டிரான்ஸ்ஃபர் கேஸை உடைக்கும். பொருத்துபவர் பினியன் ஆழத்துக்கு ஷிம் வைத்து, பேரிங்கின் முன்னிறுக்கத்தை அளந்து, பற்களுக்கிடையிலான இடைவெளியை டயல் கேஜில் பார்த்து, பல்லில் நிறமை தடவிச் சுழற்றித் தடம் எங்கே விழுகிறது என்று காட்ட வேண்டும். "கையிலேயே தெரியும் சார்" என்பவரிடமிருந்து வண்டியைத் திரும்ப ஓட்டிக்கொண்டு வந்துவிடுங்கள். என் ஆய்வு மேசைக்கு வரும் உடைந்த பினியன்களுள் உலோகக் குறையால் உடைந்தவற்றைவிடத் தவறான பொருத்தலால் உடைந்தவையே மிகுதி.

டயர் விற்போருக்கு ஒரு கோரிக்கை. விலைச்சீட்டில் மூன்று எண்களை எழுதிக் கொடுங்கள்: பழைய டயரின் ஒரு சுற்றுத் தூரம், புதியதன் ஒரு சுற்றுத் தூரம், இந்த டயரோடு அந்த வண்டியின் ஆக்சில் விகிதம் இனி எதற்குச் சமம் என்பது. கைப்பேசியில் ஒரு நிமிட வேலை. எழுதிக் கொடுத்தபின் எத்தனை பேர் 31 அங்குலம் வாங்குகிறார்கள் என்பதையும் பின்னூட்டத்தில் தெரிவியுங்கள்.