தீவில் எந்த ஊருக்கு முதலிடம்?



விடுமுறை நெருங்கினால் தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம் பகுதியிலுள்ள நம் இல்லங்களில் இப்போதெல்லாம் இராமேசுவரம் தீவைப் பற்றிய பேச்சுதான். காரணம் இல்லாமல் இல்லை. பழைய பாம்பன் பாலத்தில் 2022 டிசம்பரில் இரயில் நின்றுபோனது. 2025 ஏப்ரல் 6ஆம் நாள் புதிய பாலம் திறக்கப்பட்டபோது, தாம்பரத்திற்கும் தீவுக்குமான புதிய இரயிலும் அன்றே தொடங்கியது. மாலையில் ஏறினால் திருவாரூர், பட்டுக்கோட்டை, காரைக்குடி வழியே சென்று விடியற்காலையில் இறங்கலாம். எழும்பூர் வரை மூட்டை சுமக்கும் தொல்லை இல்லை!

ஆனால், தீவில் எங்கே செல்வது? கையில் இருப்பதோ இரண்டே நாள்.

எங்கள் வீட்டில் இதற்கு ஒரு வழக்கே நடந்தது. பிள்ளைகள் பாம்பன் என்றனர். கப்பலுக்கு வழிவிட 72.5 மீட்டர் நீளமுள்ள நடுப்பகுதி அப்படியே மேலெழும் விந்தையைக் காண வேண்டுமாம். என் கணவர், மசூதித் தெருவில் அப்துல் கலாம் அவர்களின் இல்லத்தையும், பேய்க்கரும்பில் 2017இல் திறக்கப்பட்ட நினைவகத்தையும் காட்டி இராமேசுவரத்திற்காக வாதாடினார். என் மாமியார் மட்டும் தயங்கித் தயங்கி, “தனுஷ்கோடிக்குக் கூட்டிப்போவீங்களா? எங்க வாப்பா கொழும்புக்குக் கப்பல் ஏறின இடம் அது” என்றார்.

தீர்ப்பு அவர் பக்கமே அமைந்தது.

இளையவர்கள் அறிய ஒன்று கூறுகிறேன். அக்காலத்தில் எழும்பூரில் ஏறியவர் தனுஷ்கோடியில் இறங்கி, கப்பலில் தலைமன்னார் சென்று, அங்கிருந்து இரயிலில் கொழும்பை அடைவார். ‘போட் மெயில்’ என்பது அதன் பெயர். 1964 டிசம்பர் 22ஆம் நாள் இரவு வீசிய புயல் ஊரையும், அங்கு வந்துகொண்டிருந்த பயணிகள் இரயிலையும் அதிலிருந்தவர்களோடு கடலுக்குள் கொண்டுபோயிற்று. இன்று எஞ்சியிருப்பவை நிலையத்தின் சிதைந்த சுவர்களும் தேவாலயமும், மீனவர் குடிசைகளுமே.

முதியவர்களை அழைத்துச் செல்லலாமா என்று அஞ்ச வேண்டாம். 2017இல் அரிச்சல்முனை வரை சாலை வந்துவிட்டதால் மணலில் வேனில் குலுங்கும் நிலை இப்போது இல்லை. தங்குவதை மட்டும் இராமேசுவரத்தில் வைத்துக்கொள்ளுங்கள். காலையிலேயே புறப்பட்டு, குடிநீரும் குடையும் எடுத்துச் சென்று, இருட்டுமுன் திரும்பிவிடுங்கள். முனையில் நீரோட்டம் கொடியது. பிள்ளைகளைக் கடலில் இறங்க விடாதீர்கள்.

மாமியார் இடிந்த நிலையத்தருகே முழங்கால் வலியையும் மறந்து வெகுநேரம் நின்றார். கப்பல்துறை எந்தப் பக்கம் என்று ஓட்டுநரிடம் கேட்டார். அந்த இளைஞர் கடலைக் காட்டினார். அவர் ஏதும் சொல்லவில்லை. கண்களைத் துடைத்துக்கொண்டு, தம் வாப்பாவுக்காக துஆ ஓதினார்.

பிள்ளைகளுக்கும் குறையில்லை. திரும்பிய இரயில் பிற்பகலிலேயே பாலத்தைக் கடந்தது. சன்னலோர இருக்கைக்காக மூவரும் போட்ட சண்டைதான் பெரிது!