எடுப்பவர்களாக மட்டும் இருப்பதா?

ஃபஜ்ர் தொழுகைக்குப் பின் கைப்பேசித் திரையில் குர்ஆன் ஓதும் வழக்கம் இன்று நம் வீடுகளில் இயல்பாகிவிட்டது. அத்திரையில் லாமும் அலிஃபும் பிசகின்றி இணைந்து நிற்பதற்குப் பின்னால் எத்தனை பேருடைய உழைப்பு இருக்கிறது என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. அவ்வுழைப்பில் பெரும்பகுதி கட்டற்ற திறமூல மென்பொருளைச் சார்ந்தது. அதன் மூலநிரலை எவரும் படிக்கலாம், திருத்தலாம், பிறருக்கும் வழங்கலாம். அதற்கு உரிமமே இடம் தருகிறது.

ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். அரபியில் ஓர் எழுத்து சொல்லின் முதலில் ஒரு வடிவும், இடையில் வேறு வடிவும், இறுதியில் மற்றொரு வடிவும் கொள்ளும். தமிழில் ‘கெ’ என எழுதும்போது ஒற்றைக்கொம்பு ககரத்துக்கு முன்னே வந்து நிற்க வேண்டும். இவ்விரண்டையும் ஒழுங்குசெய்து திரைக்கு அனுப்பும் கருவிகளுள் முதன்மையானது ‘ஹார்ஃப்பஸ்’. ஆண்ட்ராய்டு, ஃபயர்ஃபாக்ஸ், குரோம், லிப்ரே ஆஃபீஸ் அனைத்திலும் அது பயன்படுகிறது. ஈரானில் பிறந்த பெஹ்தாத் இஸ்ஃபஹ்பொத் அதை வளர்த்தவர்களுள் முக்கியமானவர். பெயரின் முற்பகுதி, மக்தபில் நம் குழந்தைகள் முதல் நாளே கற்கும் அதே ‘ஹர்ஃப்’தான். ‘பாஸ்’ என்றால் பாரசீகத்தில் ‘திறந்த’ என்று பொருள்.

கெய்ரோவின் பூலாக் அச்சகம் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உருவாக்கிய அழகிய அரபி அச்செழுத்தைக் கணினிக்கு மீட்டுத் தந்த ‘அமீரி’ எழுத்துருவும் இவ்வகையே. எகிப்தியரான காலித் ஹுஸ்னீ அதை உருவாக்கி, எவரும் இலவசமாகப் பயன்படுத்தும்படி விட்டிருக்கிறார்.

இவற்றையெல்லாம் நாம் எடுத்துக்கொள்கிறோம். திருப்பிக் கொடுத்தது என்ன? இக்கேள்வி நமக்குப் புதிதன்று. தமிழை அரபி எழுத்தில் எழுத விரும்பிய நம் முன்னோர், அரபியில் இல்லாத ட, ண, ள போன்ற ஒலிகளுக்கு வேறெவரேனும் எழுத்துச் செய்து தருவார்கள் என்று காத்திருக்கவில்லை. இருந்த எழுத்துகளில் புள்ளிகளும் குறிகளும் இட்டுத் தாமே அரபுத்தமிழை ஆக்கிக்கொண்டனர். அவர்களுடைய வழித்தோன்றல்கள் பிறர் ஆக்கியதை நுகர்வதோடு நின்றுவிடுவது பொருத்தமன்று.

“எங்கள் பிள்ளைக்கு நிரல் எழுதத் தெரியாதே” என்று பெற்றோர் கூறக்கூடும். நிரல் எழுதுவது பங்களிப்பின் ஒரு பகுதி மட்டுமே. மொழிபெயர்ப்பு, கையேடு எழுதுதல், பிழை கண்டறிந்து அறிவித்தல் ஆகிய அனைத்தும் பங்களிப்பே. தமிழ் வரியின் நடுவே ஓர் அரபிச் சொல்லைத் தட்டச்சு செய்யும்போது அடைப்புக்குறி இடம் மாறிப்போவதை மதரஸா வினாத்தாள் தயாரிக்கும் எவரும் கண்டிருப்பர். ஒன்று இடமிருந்து வலம், மற்றொன்று வலமிருந்து இடம் என்பதால் நேரும் சிக்கல் அது. எந்தப் பதிப்பில், எந்த வரியில், எந்த விசைகளை அழுத்தியபோது அது நேர்ந்தது என்று ஒழுங்காக எழுதியனுப்பினால், அதுவே ஒரு முதல் பங்களிப்பு. இரு மொழியும் அறிந்த நம் ஆலிம், ஆலிமா மாணவர்களுக்கு இவ்வகையில் தனித்தகுதி உண்டு.

மற்றோர் ஐயம் இதைவிடக் கனமானது. யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்றால், குர்ஆன் செயலியில் தவறு புகுந்துவிடாதா? திருத்தத்தை எவரும் முன்மொழியலாம். ஆனால் பொறுப்பாளர்கள் ஆராய்ந்து ஏற்றால்தான் அது மூலத்தில் சேரும். லினஸ் டோர்வால்ட்ஸ் 2005 இல் உருவாக்கிய ‘கிட்’ என்னும் கருவி, எந்த வரியை யார், எப்போது மாற்றினார் என்பதைப் பதிவு செய்து வைக்கிறது. அறிவிப்பாளர் தொடரை ஆராயும் மரபில் வந்த நமக்கு இம்முறை அந்நியமாகத் தோன்றலாகாது. குர்ஆன் மூலத்தை மின்வடிவில் வழங்கும் ‘தன்ஸீல்’ திட்டமோ, அம்மூலத்தில் எம்மாற்றமும் செய்யலாகாது என்ற நிபந்தனையுடனேயே அதை வழங்குகிறது. நிரல் திறந்திருப்பதால் தவறு ஒளிந்துகொள்ள இடம் குறைகிறது என்பதே உண்மை.

“இதனால் வருமானம் உண்டா?” என்பது மூன்றாவது கேள்வி. பெரும்பாலும் உடனடி வருமானம் இல்லை. எனினும் கூகுள் 2005 முதல் நடத்தும் ‘சம்மர் ஆஃப் கோட்’ போன்ற திட்டங்கள் தேர்வு பெறும் புதியவர்களுக்கு உதவித்தொகையும் வழிகாட்டியும் தருகின்றன. மேலும், செய்த பணி பெயரோடு அனைவர் பார்வைக்கும் இருப்பதால், வேலை தேடும்போது அதுவே சான்றாகிறது. பயனுள்ள கல்வியை விட்டுச் செல்வதன் சிறப்பை நாம் குழந்தைகளுக்குக் கற்பிக்கிறோம். அக்கல்வி ஏட்டில்தான் இருக்க வேண்டும் என்பதில்லை.

ஆயினும் ஓர் எச்சரிக்கை தேவை. ‘ஹாக்டோபர்ஃபெஸ்ட்’ எனும் நிகழ்வில், ஒரு மாதத்தில் சில திருத்தங்கள் அனுப்பினால் டீ சட்டை பரிசு என்றிருந்தது. 2020 அக்டோபரில் அச்சட்டைக்காகவே பலர் பொருளற்ற திருத்தங்களை அனுப்பிக் குவித்தனர். ஊதியமின்றி உழைக்கும் பொறுப்பாளர்கள் அவற்றை அகற்றுவதிலேயே சோர்ந்தனர். விரும்பிச் சேரும் திட்டங்கள் மட்டுமே அதில் இடம்பெறும் என்று விதியை அம்மாதமே மாற்ற நேர்ந்தது. எனவே நிய்யத்தைச் சரிசெய்துகொண்ட பின்னரே பிள்ளைகள் இத்துறையில் இறங்கட்டும். முதலில் திட்டத்தின் விதிகளைப் படித்து, முன்னர் நடந்த உரையாடல்களைப் பார்த்து, சிறிய ஒன்றை முழுமையாகச் செய்யட்டும். மறுக்கப்பட்டால் காரணத்தைப் பணிவுடன் கேட்கட்டும்.

அதே அதபு மூத்தவர்களுக்கும் உண்டு. பல திட்டங்கள் புதியவர்களுக்கான எளிய பணிகளைத் தனியே குறித்து வைக்கின்றன. கிட்ஹப் தளத்தில் அவற்றுக்கு ‘குட் ஃபர்ஸ்ட் இஷ்யூ’ என்றும், லிப்ரே ஆஃபீஸில் ‘ஈஸி ஹேக்ஸ்’ என்றும் பெயர். ஆனால் பெயர்ப்பலகை மட்டும் போதாது. முதன்முறை அலிஃப், பே ஓதும் பிள்ளை தடுமாறினால் நல்ல உஸ்தாத் ஏளனம் செய்வதில்லை. திருத்தி, மீண்டும் ஓதச் சொல்வார். மென்பொருள் துறையில் பணிபுரியும் நம் சகோதர சகோதரிகள் புதியவர்களிடம் அப்பொறுமையைக் காட்ட வேண்டும்.

ஒவ்வொரு மஹல்லாவிலும் இத்துறை அறிந்தவர் ஒருவரேனும் இருப்பார். விடுமுறை நாளில் இரண்டு மணி நேரம் ஒதுக்கி, ஐந்து பிள்ளைகளை அமர்த்தி, ஒரு பிழையறிக்கையையோ பத்து வரி மொழிபெயர்ப்பையோ அவர்களைக் கொண்டே செய்விக்கலாம். பள்ளிவாசல் நிர்வாகத்தினர் இடமும் இணைய இணைப்பும் தந்தால் அதுவே பேருதவி. இப்பணியில் நம் பிள்ளைகளின் கைகளும் சேர அல்லாஹ் அருள்புரிவானாக.