மரத்துக்குக் காசு கொடுக்குறோம், காடிக்கு ஏன் பேரம் பேசுறோம்?

இந்த வாரம் மியூச்சுவல் ஃபண்ட் இல்லை, இன்சூரன்ஸ் இல்லை. உங்க புத்தக அலமாரியில் இருக்கிற தட்டைப் பற்றிப் பேசப்போறேன். சிரிக்காதீங்க, இதுவும் பணம் சம்பந்தப்பட்டதுதான்.

மூணு வருஷத்துக்கு முன்னாடி 8,500 ரூபாய்க்கு ஒரு பார்ட்டிக்கிள் போர்டு அலமாரி வாங்கினேன், ஒன்பது மாச இ.எம்.ஐ. நாலு தவணை கட்டின நேரத்துல வீடு மாற வேண்டியதாச்சு. கழட்டி, புது வீட்டுல திரும்ப மாட்டினா ஸ்க்ரூ சும்மா சுத்துது, பிடிக்கவே இல்லை. அந்தப் போர்டு மரத்தூளை அழுத்திச் செஞ்சது. ஒரு தடவை கழட்டினாலே துளை தளர்ந்துடும். அடுத்த அஞ்சு மாசமும் இல்லாத அலமாரிக்குத் தவணை கட்டினேன்.

சரி, கையால செஞ்சதே வாங்கலாம்னு ஒரு கார்பெண்டர் அண்ணன்கிட்ட போனேன். விலை சொன்னார். நம்ம வழக்கப்படி இரண்டாயிரம் குறைக்கச் சொன்னேன். உடனே சரின்னுட்டார். "அப்போ காடி வேணாம் தம்பி, பக்கத்துலேர்ந்து ஸ்க்ரூ போட்டுத் தட்டை நிறுத்திடறேன்" என்றார். நான் குறைச்ச பணம் எங்கேயிருந்து போகுதுன்னு அப்போதான் புரிஞ்சது. மரத்தோட விலை குறையாது. அவரோட உழைப்பு நேரம்தான் குறையும்.

காடின்னா பக்கப் பலகையில குறுக்கே வெட்டுற பள்ளம். 18 மி.மீ. பலகைன்னா 6 மி.மீ. ஆழம் போதும். தட்டோட முனை அதுக்குள்ள உட்காரும். எடை முழுக்கப் பக்கப் பலகை மேலேயே இறங்கிடும், ஸ்க்ரூ மேல விழாது. ஒரு அடி நீளத்துக்குப் புத்தகம் அடுக்கி எடை போட்டுப் பாருங்க, எட்டு, பத்து கிலோ வரும். மூணடித் தட்டுன்னா ஒரு மூட்டை சிமெண்டுல பாதி!

வெறும் ஸ்க்ரூவுல என்ன பிரச்சினை? அது தட்டோட வெட்டுமுனையில இறங்குது. மரத்தோட நார் முடியுற இடம் அது. துடைப்பக்கட்டோட நுனியில ஆணி அடிக்கிற மாதிரி, பிடிப்பு கம்மி. தேக்குல செஞ்சாலும் இதே கதைதான். "எல்லாம் தேக்கு"ன்னு பெருமையா சொல்ற வீடுகள்ல எத்தனை தட்டு இப்படி நிக்குதோ!

அடியில ரீப்பர் அடிச்சு அதுமேல தட்டை வைக்கிறது மோசமில்லை. பிளைவுட் அலமாரியில துணி வைக்க அது தாராளம், கூலியும் மிச்சம். புத்தகம், மிக்சி, கிரைண்டர்னா காடிக்குப் போங்க.

காடியிலயும் ஒரு குறை இருக்கு. தட்டு கீழே இறங்காது, ஆனா பக்கப் பலகை வெளியே விரிஞ்சா நழுவலாம். அதைத் தடுக்க, காடியைப் புறா வால் மாதிரி உள்ளே அகலமா வெட்டி, தட்டைப் பின்பக்கமிருந்து தள்ளி ஏத்துவாங்க. வேலை அதிகம், அதனால எல்லாத் தட்டுக்கும் கேட்காதீங்க. நடுத்தட்டு ஒண்ணுக்குப் போதும், அது இரண்டு பக்கத்தையும் இழுத்துப் பிடிச்சுக்கும். மத்தது சாதாரணக் காடியே போதும்.

வாடகை வீட்டுக்காரங்களுக்கு என்னோட ஓட்டு ஆப்புக்குத்தான். தட்டோட நாக்கு பக்கப் பலகையைத் துளைச்சு வெளியே வரும், அதுல ஒரு மர ஆப்பு. வீடு மாறும்போது ஆப்பைத் தட்டி எடுத்தா அலமாரி பலகைகளாப் பிரிஞ்சுடும். புது வீட்டுல திரும்ப அடிச்சா அதே இறுக்கம். ஆப்பு தேஞ்சா புதுசு செதுக்க என்ன செலவு?

இணைப்பு எவ்வளவு நல்லா இருந்தாலும் தட்டை நீட்டாதீங்க. அதே எடைக்கு, நீளம் இரண்டு மடங்கானா தொய்வு எட்டு மடங்காகும். 18 மி.மீ.க்கு இரண்டரை அடியோட நிறுத்துங்க.

ஒரு வருஷம் மட்டும்தான் அந்த ஊர்ல இருக்கப்போறீங்கன்னா இதெல்லாம் வேணாம், பழைய ஸ்டீல் ரேக் வாங்குங்க. வருஷக்கணக்கா வச்சிருக்கப் போறவங்க மட்டும் விலை பேசுறதுக்கு முன்னாடி "அண்ணே, தட்டு எதுல நிக்கும்?"னு கேளுங்க. பேரம் பேசியே ஆகணும்னா பாலிஷ்ல பேசுங்க, மைக்காவுல பேசுங்க. நான் அந்த இரண்டாயிரத்தைத் திரும்பக் கொடுத்துட்டேன். அண்ணன் சிரிச்சுக்கிட்டே உளியை எடுத்தார்.