மனநோயாளரும் ஜீவனோபாயமும்

வடசென்னையில் வியாசர்பாடியை ஒட்டி மகாகவி பாரதியார் நகர் என்றொரு பகுதி இருக்கிறது. எம்.கே.பி. நகர் என்று சுருக்கிச் சொல்லியே பழகிவிட்டபடியால், அது எவருடைய பெயர் என்பதைக் கூடப் பலர் மறந்திருக்கலாம். கிழக்கே ராயபுரமும் துறைமுகமும், வடக்கே திருவொற்றியூரும் எண்ணூரும், மேற்கே பெரம்பூருமாக, உழைப்பையே நம்பி வாழும் ஜனங்கள் நிறைந்த பிரதேசத்தின் நடுவே அது அமைந்திருக்கிறது. இத்தகைய இடத்தில் ஒருவனுடைய மதிப்பு, காலையில் அவன் எங்கே வேலைக்குப் புறப்படுகிறான் என்பதைக் கொண்டே பெரும்பாலும் அளக்கப்படுகிறது. புறப்படாதவன் வீட்டில் பாரமாகவும் வீதியில் பரிகாசப் பொருளாகவும் ஆகிறான். கடுமையான மனநோய்க்கு இலக்காகிச் சிகிச்சையினால் தேறியவர்களில் மிகப் பலருடைய நிலைமை இதுதான். அவர்களைப் பற்றிச் சில வார்த்தைகள் கூற விரும்புகிறோம்.

சென்னையில் மனநோயாளருக்கென 1794-ம் வருஷத்திலேயே ஒரு விடுதி ஏற்பட்டது. கீழ்ப்பாக்கத்தில் இன்றுள்ள இடத்திற்கு வைத்தியசாலை 1871-ல் வந்தது. நோயாளியை ஊரிலிருந்து பிரித்து மதிலுக்குள் வைப்பதே அக்காலத்தில் சிகிச்சையின் பெரும்பகுதியாக இருந்தது. பின்னர் நல்ல மருந்துகள் வந்தன. கீழ்ப்பாக்கம் வைத்தியசாலையின் தலைமையை 1961 முதல் 1978 வரை வகித்த டாக்டர் சாரதா மேனன், நோயாளி தம் குடும்பத்திற்கும் தொழிலுக்கும் திரும்புவதே சிகிச்சையின் லட்சியம் என்று கருதி, 1984-ல் ‘ஸ்கார்ப்’ என்னும் ஸ்தாபனத்தைத் தோற்றுவித்தார். இவ்வளவு நடந்த பிறகும், 2001 ஆகஸ்டு 6-ந் தேதி ஏர்வாடியில், சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளர் உள்பட 28 பேர் தீயில் மாண்டதை நாடு பார்த்தது. இரும்புச் சங்கிலியை அறுக்க வேண்டுமென்று அன்று எல்லோரும் கூறினார்கள். வேலையின்மை என்னும் சங்கிலியைப் பற்றிப் பேசியவர்கள் சிலரே.

இது யாரோ சிலருடைய விவகாரமன்று. 2015-16-ல் நடந்த தேசிய மனநலக் கணக்கெடுப்பின்படி, வயது வந்தவர்களில் ஆயிரத்துக்கு ஏறக்குறைய எட்டுப் பேர் கடும் மனநோயுடன் வாழ்கிறார்கள். சந்தடி மிகுந்த எம்.கே.பி. நகரைப் போன்ற ஒரு பேட்டையில், இக்கணக்கின்படி பார்த்தால், தெருவுக்குத் தெரு அத்தகைய வீடு ஒன்றாவது இருக்கும். நோய் பெரும்பாலும் வாலிபப் பருவத்தில், அதாவது ஒருவன் தொழில் கற்று நிலைபெற வேண்டிய காலத்தில் வருகிறது. இரண்டு மூன்று வருஷம் கழித்துத் தேறி எழும்போது, கூடப் படித்தவர்கள் எங்கோ போய்விடுகிறார்கள். “இத்தனை நாள் என்ன செய்துகொண்டிருந்தாய்?” என்று முதலாளி கேட்கும் கேள்விக்கு அவனிடம் விடை கிடையாது.

இத்தகையோருக்கு முதலில் பயிற்சி, பிறகு வேலை என்பது பழைய முறை. உறை ஒட்டவும் மெழுகுவர்த்தி வார்க்கவும் கற்றுக்கொடுத்து, தகுதி வந்த பிறகு வெளியே அனுப்பலாம் என்பது அதன் கருத்து. நல்லெண்ணத்தில் பிறந்த முறையே ஆயினும், அந்தத் தகுதி வரும் நாள் பலருக்கு வருவதேயில்லை. பயிற்சிக் கூடமே அவர்களுக்கு ஆயுட்காலத் தங்குமிடமாகிவிடுகிறது.

அமெரிக்காவில் நியூ ஹாம்ப்ஷயர் மாகாணத்தில் டெபோரா பெக்கர், ராபர்ட் டிரேக் என்ற இருவர் இம்முறையைத் தலைகீழாக மாற்றினார்கள். வேலை செய்ய விரும்பும் எவரையும் தகுதியில்லை என்று தள்ளுவதில்லை. அவர் விரும்பும் வேலையையே தேடுகிறார்கள். மாதக்கணக்கில் காக்க வைக்காமல், சந்தையில் மற்றவர்கள் பெறும் அதே ஊதியத்திற்கு அமர்த்துகிறார்கள். பயிற்சி வேலையிலேயே நடக்கிறது. இதற்கென்றே நியமிக்கப்பட்ட ஆலோசகர் ஒருவர், இருபது பேருக்கு மேற்படாமல் பொறுப்பேற்று, வைத்தியருடன் சேர்ந்து இயங்குகிறார். வேலை கிடைத்ததும் அவர் விலகிவிடுவதில்லை. தேவைப்படும் வரை துணை நிற்கிறார். ஐரோப்பாவின் ஆறு நகரங்களில் 312 பேரைக் கொண்டு இம்முறை சோதிக்கப்பட்டு, முடிவு 2007-ல் வெளியாயிற்று. புதிய முறையில் நூற்றுக்கு 55 பேரும், பழைய முறையில் 28 பேரும் வேலைக்குச் சென்றிருந்தனர். வேலையின் சிரமத்தால் நோய் மீண்டுவிடும் என்று அஞ்சுவோர் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு: மறுபடி வைத்தியசாலையில் சேர்க்கப்பட்டவர்கள் புதிய முறையில் குறைவாகவே இருந்தனர்.

மேல்நாட்டுச் சரக்கு நமக்கு ஒத்துவருமா என்று சிலர் கேட்கக்கூடும். நமது நகரமே அதற்குப் பதில் சொல்லியிருக்கிறது. 1981-82-ல் சென்னையில் முதன்முதலாகச் சித்தச் சிதைவு நோய்க்குச் சிகிச்சைக்கு வந்த 90 பேரைப் பத்து வருஷமும் அதற்கு மேலும் வைத்தியர்கள் தொடர்ந்து கவனித்தார்கள். அவர்களில் ஆண்களில் பெரும்பாலோர் வேலை பார்த்து வந்தது கண்டறியப்பட்டது. இங்கே ஆலோசகர் என்று எவரும் இருக்கவில்லை. அந்த வேலையைச் சித்தப்பாவும் மாமாவும் எதிர்வீட்டு மேஸ்திரியும் செய்திருப்பார்கள் என்பதே நமது ஊகம். தெரிந்தவரிடம் கூட்டிச்சென்று, “பையன் நல்லவன், கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள்” என்று சொல்லும் பழக்கம் நமக்குப் புதிதன்று.

அந்தப் பழைய வழிகள் இப்போது அடைபட்டு வருகின்றன. தலைமுறை தலைமுறையாக வடசென்னைக்குச் சோறு போட்ட பக்கிங்ஹாம் கர்நாட்டிக் ஆலை 1996-ல் மூடப்பட்டது. தகப்பன் வேலை மகனுக்கு என்ற காலம் போயிற்று. ஒப்பந்தக்காரர் வந்து ஆள் பிடிக்கும் இடத்தில் சிபாரிசுக்கு மாமா இல்லை. ஆகவே, உறவினர் செய்துவந்த அந்தக் காரியத்தைப் பொறுப்புள்ள ஓர் ஊழியர் முறையாகச் செய்யவேண்டிய காலம் வந்துவிட்டது.

முதலாளிகளின் அச்சத்தை நாம் அலட்சியம் செய்யவில்லை. மனநோயாளர் என்றாலே அடிதடி செய்பவர் என்று நினைப்பது தவறு. பிறரால் துன்புறுத்தப்படும் அபாயமே அவர்களுக்கு அதிகம். அவர்கள் கேட்கும் சலுகையும் பெரிதன்று. தூக்கம் கெட்டால் நோய் கிளம்பும் ஆகையால் இரவு ஷிப்டு வேண்டாம். மருந்தின் மயக்கம் காலையில் இருக்குமாகையால் ஒரு மணி நேரம் பிந்தி வரட்டும். மாதம் ஒரு நாள் வைத்தியசாலைக்குப் போக அனுமதி வேண்டும். இவ்வளவே. சர்க்கரை வியாதிக்காரருக்கு இதைவிட அதிகச் சலுகை கொடுக்கும் முதலாளிகளை நாம் அறிவோம். நோயைப் பற்றி முதலாளியிடம் சொல்வதா, மறைப்பதா என்பதை மட்டும் நோயாளியே தீர்மானிக்க வேண்டும். ஆலோசகர் அவருக்கு யோசனை கூறலாமேயன்றி, அவரைக் காட்டிக்கொடுக்கலாகாது. இரக்கத்தின் பெயரால் கூலியைக் குறைப்பதும் கூடாது. அரைக்கூலி கொடுத்துவிட்டு அதைத் தருமம் என்று சொல்லிக்கொள்வது தருமத்திற்கே இழுக்கு.

பெண்களின் நிலைமை இன்னும் பரிதாபமானது. நோயுற்ற பெண் அடுப்படியில் பாத்திரம் துலக்கத் தொடங்கினால், அவள் குணமாகிவிட்டாள் என்று குடும்பம் திருப்தியடைகிறது. கணவனால் கைவிடப்பட்டவளுக்குச் சொந்தச் சம்பாத்தியம் எவ்வளவு அவசியம் என்பதை எவரும் நினைப்பதில்லை.

சட்டம் இல்லாமலில்லை. 2016-ம் வருஷத்து மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், சர்க்கார் உத்தியோகங்களில் நூற்றுக்கு நான்கு இடங்களை ஒதுக்கி, அதில் ஒன்றை மனநோய் முதலிய சில குறைபாடுகளுக்குச் சேர்த்து வைத்திருக்கிறது. ஆனால் அதைப் பெற நாற்பது சதவிகிதக் குறைபாடு இருப்பதாகச் சான்றிதழ் வேண்டும். குறைபாட்டை அளக்கும் அம்சங்கள் நான்கில் வேலை செய்யும் சக்தியும் ஒன்று. அதாவது, ஒருவர் முயன்று ஒரு சிறு வேலையில் நிலைத்தால், அவருடைய சான்றிதழே ஆட்டம் காணக்கூடும். முயற்சியைத் தண்டிக்கும் இம்முறையைச் சர்க்கார் மறுபரிசீலனை செய்வது நலம்.

நாம் கோருவது இதுதான். மாவட்ட மனநலத் திட்டத்தின் ஒவ்வொரு குழுவிலும், கீழ்ப்பாக்கத்திலும் ஸ்டான்லி வைத்தியசாலையிலும், வேலை ஆலோசகர்கள் நியமிக்கப்பட வேண்டும். அவர்கள் நாற்காலியில் உட்கார்ந்து மனு வாங்குவோராக இராமல், தண்டையார்ப்பேட்டைப் பட்டறைகளிலும் மணலிச் சாலைக் கிடங்குகளிலும் கால் தேய நடந்து முதலாளிகளைக் காண்போராக இருக்க வேண்டும். மாத்திரைச் செலவைக் கணக்குப் பார்க்காமல் செய்யும் சர்க்காருக்கு இச்செலவு ஒரு பொருட்டாகாது. தொழிற்சங்கங்களும் இதில் கைகொடுக்க வேண்டும். நாட்டின் முதல் தொழிற்சங்கமாகிய சென்னைத் தொழிலாளர் சங்கம் 1918-ல் பிறந்தது இதே பெரம்பூர்ப் பகுதியில்தான். உழைப்பவனுக்கு மரியாதை வேண்டுமென்று அன்று முழங்கிய மண், உழைக்க விரும்புகிறவனுக்கு இடமில்லை என்று இன்று சொல்லலாகாது.

மாத்திரை நோயை அடக்கும். மனிதனை மனிதனாக நிமிர்த்துவது, மாதக் கடைசியில் அவன் தாயின் கையில் கொண்டுவந்து கொடுக்கும் சம்பளமே. அதை அவனுக்கு மறுக்க நமக்கு என்ன உரிமை இருக்கிறது?