பாம்பு பிடிக்கத் தெரிந்தால்தான் இருளரா?

"உங்க வீட்டுல யாருக்காவது பாம்பு பிடிக்கத் தெரியுமா?"

பன்னிரண்டாம் வகுப்பு முடித்த என் அக்கா மகளிடம் கோட்டாட்சியர் அலுவலகத்தில் கேட்ட கேள்வி இது. கல்லூரியில் சேர அவளுக்கு இருளர் என்று பழங்குடிச் சான்று வேண்டும். அவளுடைய பெரியப்பாவிடம் அதே சான்று உண்டு, நகலையும் இணைத்திருந்தோம். மூன்று மாதம் கழித்து ஒற்றை வரியில் பதில் வந்தது: பழக்கவழக்கங்கள் பொருந்தவில்லை, மனு நிராகரிக்கப்படுகிறது.

டீக்கடையில் எங்களை இருளர் என்று கண்டுபிடிக்க ஊருக்கு ஒரு நொடி போதும். அரசுக்கு மட்டும் ஆண்டுகள் தேவைப்படுகின்றன. படித்தால், செருப்புப் போட்டால், எங்கள் மீது சந்தேகம் வருகிறது. பிறப்பைத் தொழிலோடு கட்டிவைக்கும் அதே சாதிப் புத்தி இங்கே விசாரணை என்ற பெயரில் உட்கார்ந்திருக்கிறது.

சான்று சரிபார்ப்புக்கான நடைமுறைகளை 1994-இல் மாதுரி பாட்டீல் வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்தது. பழக்கவழக்கச் சோதனை அதிலிருந்தே வலுப்பெற்றது. ஆனால் 2023 மார்ச்சில் மூன்று நீதிபதிகள் அமர்வு, அந்தச் சோதனை உரைகல் அல்ல என்று தெளிவாகச் சொல்லிவிட்டது. அரசியல் சட்டத்துக்கு முந்தைய ஆவணங்களுக்கே அதிக மதிப்பு என்றும் சொன்னது. அந்தத் தீர்ப்பு எங்கள் கோட்டாட்சியர் மேசைக்கு இன்னும் வந்து சேரவில்லை.

ஆட்சியரிடம் மேல்முறையீடு செய்திருக்கிறோம். அங்கும் மறுத்தால் உயர் நீதிமன்றத்தில் 226-ஆவது பிரிவின்கீழ் நீதிப்பேராணை மனு. அங்கே வென்றாலும் பல வழக்குகளில் கிடைப்பது, 'மீண்டும் பரிசீலிக்கவும்' என்ற உத்தரவுதான். கோப்பு மறுத்தவரிடமே திரும்பிப் போகும். கல்லூரிச் சேர்க்கை அதற்காகக் காத்திருக்காது. அவள் இப்போது துணிக்கடையில் நின்றுகொண்டு வேலை பார்க்கிறாள்.

இதே நிலையில் இருப்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். வாய்மொழியாக மறுத்தால் திரும்பி வராதீர்கள். காரணத்துடன் எழுத்தில் கேளுங்கள், விசாரணை அறிக்கையின் நகலையும் கேளுங்கள். 1987-ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் 12-ஆவது பிரிவுப்படி, பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் வழக்கறிஞர் உதவி இலவசம். வருமான வரம்பு கிடையாது.

அரசிடம் கேட்பதும் ஒன்றுதான்: தந்தைவழி உறவினருக்குக் கொடுத்த சான்று செல்லும் வரை, பிள்ளையின் படிப்பை நிறுத்தாதே. சந்தேகம் உன்னுடையது, அதற்கான விலையை அவள் ஏன் கொடுக்க வேண்டும்?