சட்டப்படி சர்க்கரை

2024 ஏப்ரலில் சுவிட்சர்லாந்தின் 'பப்ளிக் ஐ' என்ற அமைப்பும், குழந்தை உணவு விற்பனையைக் கண்காணிக்கும் 'இப்ஃபான்' என்ற சர்வதேச அமைப்பும் சேர்ந்து ஓர் அறிக்கை வெளியிட்டன. நெஸ்லே நிறுவனத்தின் செரிலாக்கைப் பல நாடுகளில் வாங்கிச் சோதித்திருந்தார்கள். இந்தியாவில் விற்கும் வகைகளில் ஒரு வேளைக்கான அளவில் சராசரியாக 2.7 கிராம் சர்க்கரை சேர்க்கப்பட்டிருந்தது. ஆறு மாதக் குழந்தைக்கான கோதுமைக் கூழ் மாவில் எத்தியோப்பியாவில் 5 கிராமுக்கு மேல், தாய்லாந்தில் 6 கிராம். அதே மாவு ஜெர்மனியிலும் பிரிட்டனிலும் சேர்த்த சர்க்கரை இல்லாமலே விற்கிறது.

சில நாள் தொலைக்காட்சிகள் கொதித்தன. பங்குச் சந்தையில் நிறுவனத்தின் பங்கு சற்று இறங்கியது. விசாரிக்கச் சொல்லி உணவுப் பாதுகாப்பு ஆணையத்துக்கு உத்தரவு போனது. ஐந்தாண்டுகளில் சர்க்கரையை 30 சதவீதம் வரை குறைத்திருப்பதாகவும், இந்திய விதிகளை மீறவில்லை என்றும் நிறுவனம் சொன்னது. அந்த ஆண்டு அக்டோபரில், சுத்திகரித்த சர்க்கரை சேர்க்காத வகைகளைக் கொண்டு வருவதாகவும் அறிவித்தது. 21 வகைகளில் 14. மீதி ஏழு?

விதியை மீறவில்லை என்ற பதிலில் பொய் இல்லை. நம் கவலையே அதுதான். இந்த விவகாரத்தில் நிறுவனத்தைத் திட்டித் தீர்த்துவிட்டு, அதற்கு இடம் கொடுத்த சட்டத்தை எல்லோரும் நல்லபடியாக வீட்டுக்கு அனுப்பிவைத்தார்கள்.

குழந்தைகள் ஊட்டச்சத்து உணவுக்கான 2020ஆம் ஆண்டு ஒழுங்குமுறையை எடுத்துப் பார்க்கலாம். இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் வகுத்தது. லாக்டோஸும் குளுக்கோஸ் பாலிமர்களும் விரும்பத்தக்க மாவுச்சத்து என்கிறது. சுக்ரோஸும் ஃபிரக்டோஸும் சேர்க்கக் கூடாது என்கிறது. அங்கேயே நிறுத்தியிருந்தால் நாம் இதை எழுத வேண்டிய அவசியம் வந்திருக்காது. 'மாவுச்சத்துக்காகத் தேவைப்பட்டால் ஒழிய' என்று ஒரு வாசல் திறக்கிறது. மொத்த மாவுச்சத்தில் 20 சதவீதத்தைத் தாண்டாமல் இருந்தால் சரி என்று அந்த வாசலுக்குப் படியும் கட்டித் தருகிறது. தேவைப்படுகிறதா இல்லையா என்று யார் முடிவு செய்வது? தயாரிப்பவர்தான்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். நூறு கிராம் மாவில் 65 கிராம் மாவுச்சத்து இருப்பதாக வைத்துக்கொண்டால், அதில் 20 சதவீதம் 13 கிராம். ஒரு டீஸ்பூன் சர்க்கரை ஏறக்குறைய 4 கிராம். ஆக நூறு கிராம் மாவில் மூன்று டீஸ்பூனுக்கு மேல் சர்க்கரை கலந்தாலும் சட்டம் குறுக்கே நிற்காது. ஒரு வேளைக்கு 25 கிராம் மாவு கரைத்தால் அதில் 3.25 கிராம் வரை போகலாம். உலகமே அதிர்ந்ததாகச் சொன்ன அந்த 2.7 கிராம் நம் சட்டத்தின் வரம்புக்குள் சௌகரியமாக உட்கார்ந்துகொள்கிறது. ஆறிலிருந்து 23 மாதம் வரையான குழந்தைகளுக்கான இணை உணவு பற்றி 2023இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட வழிகாட்டுதல், சர்க்கரை மிகுந்த உணவு இந்த வயதில் வேண்டாம் என்கிறது. நம் ஒழுங்குமுறையோ ஐந்தில் ஒரு பங்குக்கு அனுமதிச் சீட்டு எழுதித் தருகிறது.

ஐரோப்பாவில் சட்டம் கடுமை, அதனால்தான் அங்கே சர்க்கரை இல்லை என்று பலரும் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2006ஆம் ஆண்டு தானியக் குழந்தை உணவு ஆணையும் சேர்க்கும் சர்க்கரைக்கு ஒரு வரம்பு வைத்திருக்கிறதே தவிர, அடியோடு தடை செய்யவில்லை. சட்டம் இடம் கொடுத்தும் பல நிறுவனங்கள் அங்கே சேர்ப்பதில்லை. காரணம், வாங்குகிறவர்கள் அட்டைப்பெட்டியைத் திருப்பிப் படிக்கிறார்கள். சர்க்கரை இருந்தால் அலமாரியிலேயே வைத்துவிட்டு அடுத்ததை எடுக்கிறார்கள். 'சர்க்கரை சேர்க்கவில்லை' என்ற வரியே ஜெர்மனியில் விளம்பரம். படித்துப் புரிந்துகொள்ள முடிகிற லேபிள், சட்டம் செய்யாத வேலையையும் செய்துவிடும். ஆகவே நம் ஊர் லேபிளைக் கையில் எடுத்துப் பார்ப்பது அவசியமாகிறது.

ஏதாவது ஒரு மெடிக்கல் ஷாப்பில் குழந்தை உணவு அட்டைப்பெட்டி ஒன்றை வாங்கிப் பாருங்கள். முன்பக்கத்தில் கோதுமைக் கதிர், நறுக்கிய ஆப்பிள், ஆவி பறக்கும் கிண்ணம். எத்தனை சத்துகள் என்று பெரிய எழுத்தில் ஓர் எண். பின்பக்கம், பசை ஒட்டிய மடிப்புக்கு அருகே, கடுகு அளவு எழுத்தில் சேர்மானப் பட்டியல். அளவில் அதிகமானது முதலில் வர வேண்டும் என்பது விதி. கோதுமை மாவு, பால் பொருள் இவற்றுக்கு அடுத்தோ அதற்கடுத்தோ சுக்ரோஸ் என்ற சொல் தென்படலாம். அதுவும் ஆங்கிலத்தில். லேபிளில் கட்டாயம் இருக்க வேண்டிய விவரங்கள் ஆங்கிலத்திலோ தேவநாகரி எழுத்து இந்தியிலோ இருந்தால் போதும் என்கிறது நம் உணவுச் சட்டம். தமிழ் இருந்தால் ஆட்சேபம் இல்லை. இல்லாவிட்டாலும் ஆட்சேபம் இல்லை. மருமகள் பனியன் கம்பெனிக்குப் போன பிறகு பேரனுக்கு அந்த மாவைக் கரைத்து ஊட்டும் திருப்பூர்ப் பாட்டிக்கு, பெட்டியில் புரிவது ஆப்பிள் படம் ஒன்றுதான்.

லேபிள் விஷயத்தில் இந்தியச் சட்டம் சோம்பேறி என்று சொல்லிவிட முடியாது. 1981இல் உலக சுகாதாரப் பேரவை தாய்ப்பால் மாற்று உணவு விற்பனைக்கான சர்வதேச நெறிமுறையை நிறைவேற்றியபோது 118 நாடுகள் ஆதரித்தன. அமெரிக்கா மட்டும் எதிர்த்து வாக்களித்தது. அதன் வழியில் 1992இல் இந்தியா இயற்றி 2003இல் இறுக்கிய சட்டம் உலகின் கடுமையான சட்டங்களில் ஒன்று. பால்பவுடருக்கும் இரண்டு வயது வரையான குழந்தை உணவுக்கும் விளம்பரம் கூடாது. டப்பாவில் குழந்தை படமோ தாயின் படமோ போடக் கூடாது. 'முழுமையான உணவு', 'ஆரோக்கிய உணவு', 'புரதம் நிறைந்த உணவு' என்ற தொனியில் எழுதக் கூடாது. தாய்ப்பாலே சிறந்தது என்ற அறிவிப்பு பளிச்சென்று இருக்க வேண்டும். ஒரு தலைமுறைத் தாய்மார்களைப் பால்பவுடர் விளம்பரத்திலிருந்து காப்பாற்றிய சட்டம் இது. அதில் நமக்குப் பெருமைதான்.

ஆனால் அந்தச் சட்டத்தின் கவனமெல்லாம் டப்பாவின் வெளிப்புறத்தில். உள்ளே என்ன இருக்க வேண்டும் என்பதைத் தர விதிகளிடம் விட்டுவிட்டது. தர விதிகள் 20 சதவீதம் என்றன. வெளியே பிள்ளையின் படம் போட்டால் குற்றம். உள்ளே சர்க்கரை போட்டால் அளவு பார்த்துக்கொள் என்பது விசித்திரமான நியாயம். தண்டனையும் காலத்தோடு வளரவில்லை. விளம்பரத் தடையை மீறினால் மூன்று ஆண்டு வரை சிறை அல்லது அதிகபட்சம் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். லேபிள் விதியை மீறினால் குறைந்தது ஆறு மாதச் சிறையும் 2,000 ரூபாய்க்குக் குறையாத அபராதமும். 1992இல் அந்த அபராதம் பணமாக இருந்திருக்கலாம். இன்று சில டப்பா பால்பவுடரின் விலை.

சேர்மானத் தரம் என்பதே உலகெங்கும் பிள்ளைகளின் உயிரைக் கொடுத்து எழுதப்பட்டது. அமெரிக்காவில் 1978இல் ஒரு நிறுவனம் சோயா பால்பவுடரில் உப்பைக் குறைத்தது. நல்லெண்ணத்தில்தான். குளோரைடு போதாமல் குழந்தைகள் நோயில் விழுந்தன. 1980இல் குழந்தைப் பால்பவுடர் சட்டம் பிறந்தது. 2003இல் இஸ்ரேலில் விற்ற ஒரு சோயா பால்பவுடரில், லேபிளில் எழுதியிருந்த பி1 வைட்டமின் டப்பாவுக்குள் ஏறக்குறைய இல்லவே இல்லை. குழந்தைகள் இறந்தன; பிழைத்தவற்றில் சில ஆயுளுக்கும் ஊனத்தோடு வாழ்கின்றன. 2008இல் சீனாவில், தண்ணீர் கலந்த பாலில் புரதம் கூடுதலாகக் காட்டுவதற்காக மெலமைன் கலந்தார்கள். சோதனை அளந்தது நைட்ரஜனை. மெலமைனில் நைட்ரஜன் ஏராளம். தரச் சோதனையில் பால் தேறியது. ஆறு குழந்தைகள் இறந்தன, ஏறத்தாழ மூன்று லட்சம் குழந்தைகள் பாதிக்கப்பட்டன.

சர்க்கரை இப்படி அவசரமாகக் கொல்வதில்லை. அது பற்சொத்தையாக, கீரையையும் பருப்பையும் துப்புகிற நாக்காக, பிற்பாடு உடல் எடையாக மெதுவாக வருகிறது. எந்த டப்பாவால் வந்தது என்று எந்தத் தாயும் விரல் நீட்ட முடியாது. அதனால்தான் இதற்குத் தனிச் சட்டம் பிறக்கவில்லை.

சர்க்கரை இல்லாவிட்டால் குழந்தை சாப்பிடாது என்பார்கள். பிறந்த அன்றே சேனை வைத்து நாக்கில் இனிப்பைத் தடவுகிற ஊரில் இந்த வாதம் சுலபமாக எடுபடும். ஆறு மாதக் குழந்தைக்கு எந்தச் சுவையும் புதிது. முதல் முறை முகம் சுளிப்பதும் பத்தாவது முறை வாய் திறப்பதும் எல்லா வீட்டிலும் நடப்பவை. பருப்புத் தண்ணீர் விட்டுப் பிசைந்த சோற்றை இனிப்பில்லாமல் தின்றுதானே இத்தனை பேரும் வளர்ந்தோம்? அப்படியே கொஞ்சம் இனிப்பு வேண்டுமென்றாலும் மசித்த வாழைப்பழம் இருக்கிறது.

இன்னொரு வாதத்தை அப்படித் தள்ளிவிட முடியாது. ஆறு மாதத்துக்குப் பிறகு தாய்ப்பாலில் கிடைக்கும் இரும்புச்சத்து போதாது. செறிவூட்டிய தானிய உணவு அதை ஈடுகட்டுகிறது. ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையான குழந்தைகளில் ரத்தசோகை உள்ளவர்கள் நாடு முழுதும் 67.1 சதவீதம், தமிழ்நாட்டில் 57.4. ஆறிலிருந்து 23 மாதக் குழந்தைகளில் போதுமான உணவு பெறுபவர்கள் நாட்டில் 11.3 சதவீதம்தான். இந்த நாட்டில் போய், டப்பா உணவே வேண்டாம், எல்லாத் தாயும் ராகியை ஊறவைத்து முளைகட்டி வறுத்து அரையுங்கள் என்று உபதேசம் செய்வதற்கு வெட்கமாக இருக்கிறது. எட்டு மணிநேர ஷிப்டும் இரண்டு மணிநேரப் பஸ் பயணமும் முடித்து வருகிறவளுக்கு அந்தப் பெட்டி ஓர் உதவி. அதனாலேயே அது சுத்தமாக இருக்க வேண்டும் என்கிறோம். இரும்புச்சத்து சர்க்கரையின் தோளில் ஏறித்தான் வர வேண்டும் என்று எந்த மருத்துவமும் சொல்லவில்லை. செரிலாக்கின் 14 வகைகளில் சர்க்கரை இல்லாமல் முடியும் என்றால் 21இலும் முடியும்.

ஆகவே ஆணையம் 20 சதவீத வரம்பைத் திருத்திக்கொண்டிருக்க வேண்டாம், எடுத்துவிட வேண்டும். இரண்டு வயது வரையான குழந்தை உணவில் சேர்த்த சர்க்கரை பூஜ்யம். தேன், வெல்லம், குளுக்கோஸ் சிரப், பழச்சாறு அடர்வு என்று பெயர் மாற்றிக்கொண்டு வருபவையும் அதில் அடக்கம். குளுக்கோஸ் பாலிமரான மால்டோடெக்ஸ்ட்ரினுக்கு விதியே கொடுக்கும் 'விரும்பத்தக்கது' என்ற மரியாதையையும் மறுபரிசீலனை செய்ய வேண்டும். அது நடக்கும் வரை, ஒரு வேளையில் எத்தனை கிராம் சேர்த்த சர்க்கரை என்பது பெட்டியின் முன்பக்கத்தில், விற்கும் மாநிலத்தின் மொழியில் இருக்கட்டும். பொது உணவுப் பொருட்களின் முன்பக்க லேபிளுக்கு நட்சத்திரம் போடுவதா எச்சரிக்கை போடுவதா என்று 2022 வரைவிலிருந்து பேசிக்கொண்டே இருக்கிறார்கள். அந்தப் பேச்சு முடியும்வரை பிள்ளைகள் ஆறு மாதத்திலேயே நின்றுவிடப் போவதில்லை. குழந்தை உணவைத் தனியே பிரித்து முதலில் முடிக்கலாம்.

சோதனை முடிவுகளை வெளியிடுவதும் புது யோசனை அல்ல. கலிபோர்னியாவில் ஒரு சட்டப்படி குழந்தை உணவுத் தயாரிப்பாளர்கள் ஆர்சனிக், காட்மியம், ஈயம், பாதரசம் ஆகியவற்றுக்கு மாதந்தோறும் சோதனை செய்து, 2025 ஜனவரியிலிருந்து முடிவுகளை இணையத்தில் போட வேண்டும். அங்கே அதைச் செய்யும் நிறுவனங்கள் இங்கே மட்டும் முடியாது என்று சொல்லக் காரணம் இல்லை, கேட்பதற்கு ஆள் இல்லை என்பதைத் தவிர.

தமிழக அரசுக்கும் இதில் வேலை இருக்கிறது. தர விதியை மாற்றும் அதிகாரம் மத்திய ஆணையத்திடம்தான். ஆனால் கடையில் மாதிரி எடுப்பவர்கள் மாநிலத்தின் உணவுப் பாதுகாப்பு அலுவலர்கள். ஆண்டுக்கு இரண்டு முறை குழந்தை உணவு மாதிரிகளைச் சோதித்து, பெயரோடும் கிராம் கணக்கோடும் தமிழில் வெளியிடலாம். அதற்கு முன், அரசு தன் பொட்டலத்தைப் பிரித்துப் பார்ப்பது நியாயம். அங்கன்வாடிகளில் ஆறு மாதம் முதல் தரப்படும் சத்துமாவில் வெல்லம் சேர்கிறது. வெல்லமும் பெரும்பகுதி சுக்ரோஸ்தான். மகளிர் கூட்டுறவுச் சங்கம் அரைத்தது என்பதால் அதன் வேதியியல் மாறிவிடாது. ஏழை வீட்டுப் பிள்ளைக்குக் கலோரி வேண்டும் என்ற பழைய நியாயத்தை எண்ணெயும் கடலையும் கொண்டு நிறைவேற்ற முடியும். சத்துமாவுப் பாக்கெட்டின் முன்பக்கத்தில் வெல்லத்தின் அளவைப் பெரிய எழுத்தில் அச்சிட்டு, அதைக் குறைத்துக்கொண்டு வருவதற்கு ஒரு காலக்கெடுவை வரும் மானியக் கோரிக்கை விவாதத்திலேயே சமூக நலத்துறை அமைச்சர் அறிவிக்கலாம். இதற்கு டெல்லியின் அனுமதி தேவையில்லை.